ஆலிவ் மரத்துக்குத் தண்ணீர் விடாத நாட்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் ராஜாக்கள் காலத்துத் தாவரவியல் பூங்கா ஒன்றுக்கு விருந்தாளியாகப் போன மறுநாள் காலையிலேயே, அங்கே தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருந்த செடிகளை ஒட்டுமொத்தமாகத் தீர்த்துக்கட்டப் பார்த்தவன் நான். கோபத்தில் இல்லை. குடித்துவிட்டும் இல்லை. பாசத்தில். கையில் ஒரு ரப்பர் குழாயும் மனசு நிறைய இரக்கமும் இருந்தால் ஒரு முட்டாளால் எவ்வளவு சேதம் பண்ண முடியும் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்னமும் பேசிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

இதை எழுதச் சொன்னவர்கள், ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த லேண்ட்ஸ்கேப் கம்பெனியில் இப்போது இருக்கும் பிள்ளைகள். நான் ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பிய வாரம் நாங்கள் தங்கும் கேம்பில் பிரியாணி போட்டார்கள். சாப்பாட்டுக்கு நடுவே குமரன் என்ற சூப்பர்வைசர் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"பாருங்கண்ணே, இப்பல்லாம் மண்ணுக்குள்ளயே சென்சார். தண்ணி வேணுமா வேணாமான்னு செடியே போன்ல சொல்லிடும். உங்க காலத்துல யாருண்ணே சொல்லுவா?"

"எங்க காலத்துலயும் செடிதான்டா சொல்லும். செத்துப்போய்ச் சொல்லும்" என்றேன்.

சிரித்துவிட்டு, "அதை எழுதிக் குடுங்கண்ணே" என்றார்கள். பிரியாணி போட்டவர்கள் கேட்டால் மறுக்க முடியுமா?

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வளைகுடாவுக்கு வந்தேன். சொந்த ஊர் அரியலூர்ப் பக்கம். என் பாஸ்போர்ட்டோடு ஏஜென்ட் அனுப்பிய தாளில் 'தோட்டக்கலையில் பத்து வருட அனுபவம்' என்று இருந்ததாம். எனக்கு இருந்த அனுபவமெல்லாம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டதுதான். ஏர்போர்ட்டிலிருந்து வேனில் போகும்போது பார்க்கிறேன், சாலையோரம் அதே சீமைக்கருவேலம்! எனக்கு முன்னாலேயே விசா வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறது. பழைய எதிரியை அந்நிய மண்ணில் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

அடுத்த நாலைந்து வருஷத்தை நாலைந்து வரியில் முடித்துவிடலாம். ரவுண்டானாக்களில் பெட்டூனியாப் பூச்செடி நட்டேன். பேரீச்சை மரமேறி முள் குத்திக்கொண்டேன். சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைத்தால் வாயை வைத்து ஊதினேன். மேலே இருந்த இரண்டு பேர் வேறு கம்பெனிக்குத் தாவியதால் ஃபோர்மேன் ஆனேன். இந்தக் காலம் முழுவதும் நான் படித்த பாடம் ஒன்றே ஒன்று. தண்ணீர். அந்த ஊர் மணலில் காலையில் விட்டது மத்தியானம் இருக்காது. டேங்கர் ஒருநாள் வராவிட்டால் ரவுண்டானா முழுக்க வைக்கோல். ஆகவே செடி வாடியிருந்தால் தண்ணீர். வாடாமல் இருந்தால், வாடாமல் இருப்பதற்காகத் தண்ணீர். சந்தேகமாக இருந்தால் இரட்டைத் தண்ணீர். தூக்கத்தில்கூட என் கை வால்வைத் திறக்கிற மாதிரி திருகும் என்று ரூமில் கேலி செய்வார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் தேவராசா சார். யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே விவசாயப் பண்ணை ஒன்றில் உத்தியோகம் பார்த்தவர். ஒல்லியான உருவம், சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொத்துக்கரண்டி. எங்கள் எல்லோரையும் 'நீர்' என்றுதான் அழைப்பார். திட்டும்போதும் அதே 'நீர்', அதே குரல். திட்டு வாங்கிய விஷயமே பாதிப் பேருக்கு மறுநாள்தான் உறைக்கும்.

ஒரு செடி நோயாளி என்று கூப்பிட்டால் மற்றவர்கள் எல்லோரும் இலையைப் பார்ப்பார்கள். அவர் இலைப் பக்கம் திரும்பவே மாட்டார். முழங்கால் போட்டு உட்கார்ந்து, கரண்டியால் ஒரு சாண் தோண்டுவார். அடி மண்ணை உள்ளங்கையில் எடுத்து இறுக்கிப் பிடித்து மெல்லத் திறப்பார். உருண்டையாக நின்றால் ஈரம் போதும், உதிர்ந்தால் போதாது. பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். அதற்குப் பிறகும் நான் ஏதாவது இலையைக் காட்டினால், "இலையைப் பிறகு பாப்பம்" என்பார். இந்த ஆராய்ச்சி எல்லாம் முடிந்து அவர் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு வாக்கியமாக இருக்கும். அதற்காக நான் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

இப்போது மரத்துக்கு வருகிறேன்.

எங்களுக்கு வாடிக்கையாளராக ஒரு பெரிய வியாபாரி இருந்தார். நாங்கள் அவரை அர்பாப் என்போம், முதலாளி என்று அர்த்தம். அவர் ஒரு கோடைக்குத் தெற்கு இத்தாலியில் கடலோர ஊர் ஒன்றுக்குப் போயிருக்கிறார். அங்கே பழைய தாவரவியல் பூங்காவில் ஒரு கிழட்டு ஆலிவ் மரத்தைப் பார்த்துச் சொக்கிப் போய்விட்டார். அதை விலைக்குக் கேட்டிருக்கிறார். பூங்காக்காரர்கள் சிரித்திருக்கிறார்கள். மனுஷன் சளைக்கவில்லை. அதே ஊர்ப் பக்கத்தில் ஒரு நாற்றுப் பண்ணையில் அதே ஜாடையில் இன்னொரு கிழத்தை வாங்கிக் கப்பலேற்றிவிட்டார்.

அது டிரெய்லரில் படுத்துக்கொண்டு வந்ததும், கிரேன் அதைத் தூக்கி மதில் தாண்டி வீட்டு முற்றத்தில் இறக்கியதும் எங்களுக்கெல்லாம் திருவிழா. மூன்று பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம், முறுக்கிப் பிழிந்த வேட்டி மாதிரி. முற்றம் முழுக்கப் பளிங்கு. நடுவில் தரையை உடைத்துக் குழி வெட்டி, மரத்தை நட்டு, மேலே வெள்ளைக் கூழாங்கல் பரப்பினோம். வருகிற விருந்தாளிகளுக்கு அர்பாப் மரத்தை அறிமுகப்படுத்த மாட்டார். மரத்துக்குத்தான் விருந்தாளியை அறிமுகப்படுத்துவார்.

பனிக்காலத்தில் நட்ட மரம், வெயில் ஏற ஏற மஞ்சளிக்க ஆரம்பித்தது. இலை கொட்டியது. தேவராசா சார் வந்தார், கூழாங்கல்லை ஒதுக்கினார், ஒரு சாண் தோண்டினார். மண் மாவு மாதிரி உதிர்ந்தது. "தண்ணி காணாது" என்றார். எனக்கா சொல்ல வேண்டும்? காலையும் மாலையும் திறந்துவிட்டேன். இலை இன்னும் வேகமாகக் கொட்டியது. இன்னும் திறந்துவிட்டேன்.

ஒருநாள் எங்கள் கம்பெனி மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அந்த மரம் போனால் அர்பாபின் வேலைகள் அத்தனையும் கம்பெனியின் கையை விட்டுப் போகும். அப்படிப் போனால் நாங்கள் இருவரும் கேன்சல். விசாவை ரத்து செய்து விமானம் ஏற்றி அனுப்புவதற்கு எங்கள் பாஷையில் அந்த ஒரு சொல்தான். நான் கேன்சல் ஆனால் ஊரில் ஒன்றும் குடி முழுகாது. நான் திரும்பி வரவே மாட்டேன் என்ற நம்பிக்கையில் என் கட்டிலை எடுத்துக்கொண்ட மாமனார் கொஞ்சம் வருத்தப்படுவார், அவ்வளவுதான். சார் விஷயம் வேறு. அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் ஷார்ஜாவில் படித்துக்கொண்டிருந்தார்கள், மூத்தவளுக்கு அந்த வருஷம் பத்தாவது. யாழ்ப்பாணத்தில் அவர்கள் வீடு இருந்த இடம் இருந்தது. வீடு இல்லை.

அர்பாப் அந்த இத்தாலிப் பூங்காவுக்கே போன் போட்டுக் கேட்டாராம். போட்டோவோடு ஆளை அனுப்புங்கள் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். "யார் தினமும் மரத்தைப் பார்க்கிறானோ அவனும் போகட்டும், கண்ணால் பார்க்கட்டும்" என்று அர்பாப் சொன்னதால் சாரோடு எனக்கும் அடித்தது யோகம்.

ஐரோப்பா என்றால் பனி என்று ரூமில் அத்தனை பேரும் அடித்துச் சொன்னார்கள். ஒருத்தர் ஸ்வெட்டர் கொடுத்தார், ஒருத்தர் மங்கி கேப் கொடுத்தார், இன்னொருத்தர் கம்பளிக் காலுறை. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஜூன் மாத இத்தாலியில் போய் இறங்கினால், வெயில் எங்கள் ஊர் சித்திரை மாதிரி அடிக்கிறது. கரடி வேஷக்காரன் மாதிரி வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்ற என்னைத் தேவராசா சார் ஒரு நிமிஷம் பார்த்தார்.

"கழட்டும்" என்றார்.

பூங்காவின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் லூச்சியா என்ற அம்மாள். எல்லோரும் சிஞ்ஞோரா என்றார்கள், நானும் சிஞ்ஞோரா என்றேன். ஐம்பது வயசு இருக்கும். முழங்கால் வரை பூட்ஸ். வாயைவிடக் கை அதிகமாகப் பேசும். அவர் ஐந்து நிமிஷம் ஆங்கிலத்தில் கொட்டுவார். சார் எனக்குத் தமிழில் சொல்வது இரண்டே சொல்லாக இருக்கும். "பழைய மரம்." "நல்ல காத்து." மீதியெல்லாம் எங்கே போயிற்று என்று நான் தேடிக்கொண்டிருப்பேன்.

அன்று சாயங்காலம் சிஞ்ஞோரா சுற்றிக் காட்டினார். கல் தூண் வைத்த வாசல், அதிலிருந்து நேராகப் போகும் பனைவகை மரங்களின் வரிசை, அல்லி பூத்த வட்டக் குளம், எங்கள் ஆலமரத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி விழுது இறக்கி நின்ற ஒரு ராட்சத அத்தி. நான் வாயைப் பிளந்துகொண்டு போனேன். கடைசியாக, விசேஷமான இடம் என்று சொல்லி ஒரு கண்ணாடி மாளிகைக்குக் கூட்டிப் போனார். கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். திறந்து, குரலைத் தாழ்த்தி, உள்ளே காட்டினார். வாழைமரம்! பக்கத்துத் தொட்டியில் முருங்கைக் கன்று. அதற்குப் பெயர்ப் பலகை, வெப்பமானி, காவலுக்கு ஓர் ஆள். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆடு மேய்கிற முருங்கை! எனக்கு நாக்கில் சாம்பார் ஊறியது. கையை நீட்டினேன்.

"தொடாதேயும்" என்றார் சார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பூங்காவுக்குள்ளேயே விருந்தினர் அறை. வளைகுடாக்காரனுக்கு விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும், வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் விட்டாக வேண்டுமே. எழுந்து வெளியே வந்தேன். அறைக்குப் பின்னால் சரிவில் கல் வரம்பு கட்டிய பாத்திகள். அத்தனையும் காய்ந்து கிடந்தது. பழுப்பு இலைகள் சுருண்டு, சில பாத்திகளில் இலைகூட இல்லாமல், வெறும் பெயர்ப் பலகை மட்டும் சமாதிக் கல் மாதிரி நின்றது. வாழைக்கு மாளிகை கட்டிய பாவிகள், வெளியே இருக்கிற ஏழைச் செடியைக் கவனிக்கவில்லையே என்று பொங்கிப் போனேன். வேலைக்காரப் பயல்கள் விடுமுறையில் போய்விட்டார்கள் போலிருக்கிறது, சிஞ்ஞோராவுக்குத் தெரிந்தால் பாவம் அவர்கள் வேலை போய்விடும், நாம் மறைத்துவிடுவோம் என்றுகூட யோசித்தேன். அவ்வளவு நல்லவன் நான்!

குழாய் கிடைத்தது. ஒவ்வொரு பாத்தியாக நின்று நிதானமாக, நம்ம கணக்கில், குளம் கட்ட விட்டேன். கடைசிப் பாத்தியில் இருக்கும்போது பின்னால் ஓர் அலறல். சிஞ்ஞோரா பூட்ஸ் இல்லாமல் ஓடி வருகிறார். பின்னால் தேவராசா சார், கட்டின கைலியோடு. அந்த அம்மாள் என்னவெல்லாம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கைகள் சொன்னதே போதுமானதாக இருந்தது.

"என்னா சார் சொல்றாங்க? காஞ்சு கெடந்துச்சு, பாவமேன்னு..."

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுகள் நித்திரையில கிடந்தது. நீர் எழுப்பிப்போட்டீர்."

விஷயம் இதுதான். அந்தக் கடலோரத்தில் மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடையில் சொட்டு விழாது. அதனால் அங்குள்ள பல செடிகள், வெயில் வந்ததும் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு, மண்ணுக்கு அடியில் கிழங்காகப் படுத்துக்கொள்ளும். மழை வரும்வரை தூக்கம். தூங்கும்போது தண்ணீர் விட்டால் கிழங்கு அழுகும். அவர்கள் மலை மலையாகத் தேடிக் கொண்டுவந்த அபூர்வக் கிழங்குகளின் படுக்கையறைக்குள் நான் போய், ஆளுக்கு ஒரு குடம் ஊற்றியிருக்கிறேன்.

அன்று முழுவதும் பூங்கா ஆட்களோடு நாங்களும் உட்கார்ந்து, பாத்தி பாத்தியாகக் கிழங்குகளைத் தோண்டி, துடைத்து, நிழலில் செய்தித்தாள் விரித்துப் பரப்பினோம். எந்தக் கிழங்கு எந்தப் பலகைக்கு உரியது என்று மாறாமல் இருக்க வேண்டும். ஆகவே எனக்குக் கொடுத்த வேலை செய்தித்தாள் பறக்காமல் பிடித்துக்கொள்வது. மத்தியானத்துக்கு மேல் சிஞ்ஞோராவுக்குக் கோபம் இறங்கியது. பேச்சுவாக்கில், உங்கள் ஆலிவ் மரத்துக்கு எப்படித் தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். போன மானத்தைக் கொஞ்சமாவது மீட்கலாம் என்று நானே முந்திக்கொண்டு, தெரிந்த ஆங்கிலத்தில், "மார்னிங் ஃபுல். ஈவினிங் ஃபுல்" என்றேன்.

அந்த அம்மாளின் கையில் இருந்த கொத்துக்கரண்டி அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். ஏதோ சொன்னார். சார் கொஞ்ச நேரம் கையில் இருந்த கிழங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னா சார்?"

"மரம் தாகத்தில சாகேல்லையாம். மூழ்கிச் சாகுதாம்."

பிறகு சிஞ்ஞோரா எங்களைப் பூங்காவின் கிழட்டு ஆலிவிடம் கூட்டிப் போனார், எங்கள் அர்பாப் மயங்கிய அதே மரம். அடியில் ஒரு குழாய் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு நீளமான மரக்குச்சியை உருவி எடுத்தார். அதன் நுனி உலர்ந்திருந்தது. என் மூக்கில் வைத்தார், புதுப் பானை வாசனை. உங்கள் மரத்துக்கும் இப்படி ஒரு குழாய் இறக்கிப் பாருங்கள், மேல் மண் உங்களை ஏமாற்றுகிறது, வேர் இருக்கும் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று குச்சி சொல்லும் என்றார். குச்சி காயும்வரை தண்ணீரை நிறுத்த வேண்டும். காய்ந்த பிறகும், புதுத் துளிர் வந்தால்தான் ஒரு தடவை ஆழமாக விடலாம், அதற்கு முன்னால் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னொரு கையால் குழாய் திருகியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதை நான் கவனித்தேன்.

ஷார்ஜா திரும்பியதும் முதல் வேலை குழாய். பிவிசி பைப்பில் துளைகள் போட்டு, மரத்தின் வேர்க்கட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் ஆழத்துக்கு இறக்கினோம். குச்சியை விட்டு உருவினால் முக்கால்வாசி கறுப்பு. அழுகின முட்டை நாற்றம். கட்டடத்துக்காக இறுக்கின தரையைக் குடைந்து குழி வெட்டியிருந்தோம் அல்லவா, அது குழியாகவே இல்லை, சிமென்ட் தொட்டி. நாங்கள் விட்ட தண்ணீர் எங்கேயும் போகவில்லை. மரம் மாசக்கணக்காக இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறது.

பம்ப் வைத்து இறைத்தோம். குழியின் அடியைச் சுற்றி டிரில்லால் துளைத்துச் சரளை போட்டோம். வேர்க்கட்டியைச் சுற்றிக் காற்றுப் போக ஒரு வாய்க்கால் வெட்டினோம். அழுகின வேருக்கு ஈடாகக் கிளைகளையும் பாதிக்கு மேல் கழித்தோம். சொட்டுநீர்க் குழாயை வால்வோடு கழற்றி வேனில் போட்டேன், என் கையை நானே நம்பவில்லை. பிறகு சார் அர்பாபிடம் போனார். ஜூலை மாதத்தில் மரத்துக்குத் தண்ணீர் விடப் போவதில்லை என்று ஒருத்தன் சொன்னால் வளைகுடாவில் அவனை ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்கள். அர்பாப், தான் வெளிநாடு போய்த் திரும்பும்வரை, அதாவது மாசக் கடைசிவரை தவணை என்றார். அதற்குள் மரத்தில் பச்சை தெரிய வேண்டும். தெரியாவிட்டால், கலாஸ், கதை முடிந்தது.

அடுத்த நாள் குச்சியை உருவினேன். ஈரம். அதற்கடுத்த நாளும் ஈரம். இறைத்தாயிற்று, அடியில் வடிகால் போட்டாயிற்று, குழாயே இல்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நீச்சல் குளம் ஒழுகுகிறதா என்று பார்த்தேன், இல்லை. ஒரு வாரம் இதே கதை. சார் வந்து குச்சியை வாங்கி முகர்ந்து பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"இது சவர்க்காரம் மணக்குது. ஆரோ ஊத்தீனம்."

சவர்க்காரம் என்றால் அவர் ஊரில் சோப்பு. யாரோ ஊற்றுகிறார்களாம். அன்று மத்தியானத்துக்கு மேல் தோட்டச் சாமான் அறைக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தேன். முதலில் வாட்ச்மேன் குல்கான் வந்தார், பெஷாவர்க்காரர். தொழுகைக்கு முன்னால் கைகால் முகம் கழுவுவதை நேராக மரத்தடியில் வைத்துக்கொண்டார். ஒரு கெட்டில் காலி. அடுத்து டிரைவர் குஞ்ஞுமோன், காரிலிருந்து இறங்கி, குடித்தது போக மீதித் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தார். அடுத்து வீட்டு வேலை பார்க்கும் ராணி அக்கா, இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். ஒரு வாளி அரிசி கழுவின தண்ணீர், இன்னொரு வாளி தரை துடைத்த தண்ணீர். நான் வெளியே பாய்ந்தேன்.

"அக்கா! என்னாக்கா பண்றீங்க? வேண்டாம்னு எத்தனை தடவ சொன்னேன்!"

"இந்தா பாருங்க தம்பி, நீங்க பைப்ப கழட்டிக்கிட்டு போயிட்டீங்க. கண்ணு முன்னுக்கு மரம் சாகுது. நாங்க பாத்துக்கிட்டு நிக்கவா? நான் ஊத்துறது கொஞ்சந்தான்."

குல்கானும் ஓடிவந்து, "பாய், பேட் பியாசா ஹை, மை தோடா ஹி டால்தா ஹூன்" என்றார். மரத்துக்குத் தாகம், தான் ஊற்றுவதும் கொஞ்சம்தான் என்கிறார். குஞ்ஞுமோனும் கொஞ்சம்தான். இந்தக் கொஞ்சங்களை எல்லாம் சேர்த்தால் ஒரு யானையைக் குளிப்பாட்டலாம்.

நான் மூன்று பேரையும் வைத்துக் கத்திக்கொண்டிருக்கும்போதே உள் கதவு திறந்தது. அர்பாபின் தாயார், பெரிய மேடம். முகத்தில் அந்த ஊர் வயதான பெண்கள் அணியும் பழைய கால முகமூடி, ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் செம்புக் கூஜா. எங்கள் யாரையும் பார்க்காமல் மெல்ல நடந்து வந்து, உதட்டுக்குள் ஏதோ பிரார்த்தனை சொல்லிக்கொண்டே கூஜாவை மரத்தடியில் சாய்த்தார். கடைசிச் சொட்டுவரை. அடிமரத்தைத் தடவிக் கொடுத்தார். போய்விட்டார்.

சாருக்குப் போன் போட்டேன். "சார், எல்லாரையும் தடுத்துருவேன். பெரிய மேடத்த எப்படி சார்?"

வந்தார். அந்த அம்மாளுக்குப் பாடம் எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ குச்சியை உருவி, ஈர நுனியை இரண்டு கையாலும் ஏந்தி, பெரிய மேடத்தின் முன்னால் நீட்டினார். அவர் குனிந்து முகர்ந்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மரத்தைப் பார்த்தார், கையிலிருந்த கூஜாவைப் பார்த்தார். அரபியில் மெதுவாக ஒன்று கேட்டார். எனக்குக்கூடப் புரிந்தது. நாங்களா?

சார் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். என்னைக் காட்டினார். பிறகு எல்லோரையும் ஒரு வட்டமாகக் காட்டினார்.

பெரிய மேடம் கூஜாவை ராணி அக்காவிடம் கொடுத்தார். ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லி மரத்தடி நிழலில் போட்டு உட்கார்ந்தார். ஊன்றுகோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"மாஃபி மோயா!"

தண்ணீர் கிடையாது! அன்றிலிருந்து அந்த முற்றத்தில் அதுதான் சட்டம். வாளியோடு யார் நிழல் தெரிந்தாலும் "மாஃபி மோயா!" குல்கான் கைகால் கழுவுவதைக் கேட் பக்கம் மாற்றிக்கொண்டார். வெளிநாடு கிளம்பின அன்று அர்பாப் விடைபெறுகிற மாதிரி பாட்டில் மூடியைத் திறந்துகொண்டு மரத்தருகே போனார். ஊன்றுகோல் அவர் மணிக்கட்டுக்குக் குறுக்கே வந்தது. எங்களுக்குச் சொன்னதைவிட மகனுக்குப் பெரிய மேடம் நீளமாகவே சொன்னார்.

குச்சி கறுப்பிலிருந்து பழுப்பானது. நாற்றம் குறைந்தது. பிறகு ஒருநாள் உலர்ந்தே வந்தது. ஆனால் மரம்? மிச்ச இலையும் கொட்டி மொட்டையாக நின்றது. வெயில் பளிங்கில் பட்டுக் கண்ணைக் குத்தியது. சமையலறையில் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். "மருதமுத்துவே, டிக்கெட் எடுத்தோ?" என்று குஞ்ஞுமோன் தினமும் என்னை விசாரிப்பார். நானும் தினமும் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்பேன். உள்ளே நூல் மாதிரி பச்சை. அது உண்மையிலேயே பச்சைதானா, இல்லை என் ஆசையா என்று தெரியாது.

மாசக் கடைசி நெருங்கியது. தேவராசா சார் ஸ்டோரில் காலி அட்டைப் பெட்டிகள் இருந்தால் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பெரிய பெண்ணின் புத்தகங்களுக்கு என்று அவரே சொன்னார். நல்ல பெட்டியாகப் பொறுக்கி அனுப்பினேன். அன்று என்னால் ஒரு ஜோக்குகூட அடிக்க முடியவில்லை.

அர்பாப் திரும்புவதற்கு முந்தின நாள் காலை. பெரிய மேடம் நாற்காலியில் இருந்தபடியே ஊன்றுகோலால் அடிமரத்தின் ஒரு முறுக்கைக் காட்டினார். குனிந்து பார்த்தேன். பட்டை வெடித்து, ஓர் அரிசி அளவுக்கு, வெள்ளியும் பச்சையுமாக ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் மேலே, கழித்த கிளையின் ஓரத்தில் வரிசையாக நாலைந்து. நான் பளிங்கில் உட்கார்ந்துவிட்டேன். பெரிய மேடம் மூடிக்குள் சிரிப்பது தோளில் தெரிந்தது. குல்கான் என்னைத் தூக்கிச் சுற்றினார். ராணி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். குஞ்ஞுமோன் மட்டும், "டிக்கெட் கேன்சல்" என்றார்.

போனை எடுத்தேன். சார் அப்போது அஜ்மானில் வேறு சைட்டில் இருந்தார். மூச்சு விடாமல் கொட்டினேன். "சார், துளிர் விட்ருச்சு சார்! ஒண்ணு ரெண்டு இல்ல சார், பொலபொலன்னு! மேடம்தான் சார் மொதல்ல பாத்தாங்க. பொழச்சிக்கிச்சு சார். ஒங்க பிள்ளைங்க ரெண்டும் இங்கயே படிக்கலாம் சார். அந்தப் பொட்டியெல்லாம் திருப்பி அனுப்பிருங்க சார். நான் இப்ப என்னா சார் பண்ணட்டும்? அர்பாபுக்குப் போன் பண்ணவா? மேனேஜர்ட்ட சொல்லவா? போட்டோ எடுத்து சிஞ்ஞோராவுக்கு அனுப்பவா சார்?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன், அறுந்திருக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிறகு, எப்போதும் போல அதே குரல்:

"தண்ணி விடும்."